இரண்டாவது வழி

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு பிற்பகல். நாம் பணிபுரியும் ராபர்ட்சன்பேட்டைக் கிளையில் ஓய்வூதியர் கூட்டம் குறைந்திருந்த நேரம். எம்.ஜி. மார்க்கெட் அருகே ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை நடத்திவரும் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் நம் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். கடைக்கு மூன்று புதிய கணினிகள் வாங்க வேண்டும், அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் வேண்டும் என்றார்.

"பழைய கணினிகளுக்கு என்ன ஆயிற்று அண்ணே?" என்று கேட்டோம்.

"ஒன்றும் ஆகவில்லை சார். நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் காலம் முடிந்துவிட்டது என்று திரையிலேயே எழுதி வருகிறது. வங்கி வேலை, ஆதார் வேலை எல்லாம் அதில்தானே செய்கிறோம்? பயமாக இருக்கிறது."

அவருடைய தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பணிபுரிந்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது கைக்கு வந்த பணத்தில் தொடங்கப்பட்டதே அந்தக் கடை. ஒரு குடும்பத்தின் முழு உழைப்பும் அந்த மூன்று மேசைகளின் மேல் இருக்கிறது. கடன் வழங்குவது நம் தொழில். தேவையற்ற கடனைத் தவிர்க்கச் சொல்வதும் அதே தொழிலைச் சேர்ந்ததே. ஆகவே, "ஒரு வாரம் பொறுங்கள். முதலில் கணினிகளைப் பார்த்துவிடுவோம்" என்றோம்.

நாம் பொறியியல் படித்தவர் அல்லர், வணிகவியல் பட்டதாரி. ஆயினும் நம் வீட்டுக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களையும் சில ஆண்டுகளாக அருகருகே வைத்துப் பயன்படுத்தி வருகிறோம். அந்த அனுபவத்தில் கற்றதையும் பட்டதையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்குக் கூறுவன யாவும் வீட்டுக் கணினிக்கும் சிறு கடைக்கும் மட்டுமே உரியவை. வங்கிக் கிளையின் கணினிகள் வங்கியின் தொழில்நுட்பப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவை. அவற்றில் நாம் கை வைப்பதில்லை.

காலம் முடிவது எதற்கு?

இயங்குதளத்தின் ஆதரவு முடிந்துவிட்டது என்றால் கணினி பழுதாகிவிட்டது என்று பொருளன்று. பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்படும்போது அவற்றை அடைக்கும் திருத்தங்களை அந்நிறுவனம் இனி அனுப்பாது என்பதே பொருள். வீட்டின் பூட்டு அப்படியே இருக்கும். ஆனால் அதைத் திறக்கும் கள்ளச் சாவி சந்தையில் வந்துவிட்டால் பூட்டை மாற்றித் தர ஆள் இராது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என அந்நிறுவனம் அறிவித்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 முறைப்படி நிறுவப்பட வேண்டுமாயின் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் உள்ள செயலியும் தேவை. பழைய கணினிகள் பல இந்தத் தேர்வில்தான் தோற்றுப்போகின்றன. நம் வாடிக்கையாளரின் மூன்று கணினிகளும் அவ்வாறே தோற்றவை.

இது சிறு கடைக்காரர்களுக்கு மட்டும் வந்த சிக்கல் அன்று. வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்கள் பல, ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இயங்கிவந்ததைக் கண்ட ரிசர்வ் வங்கி, 2018 ஜூன் மாதத்தில் ஒரு சுற்றறிக்கை விடுத்து, ஓராண்டுக்குள் அவை அனைத்தையும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றுமாறு பணித்தது. பணம் புழங்கும் எந்தக் கணினியும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் இயங்குதளத்தில்தான் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே நம் வாடிக்கையாளரின் அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குப் புதிய கணினி ஒன்றுதான் மருந்து என்பது சரியன்று.

கையில் இருந்தும் அறியாதது

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும், உள்ளமைப்பைப் படிக்கவும், மாற்றவும், பிறருக்குப் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். 1991 ஆகஸ்ட் மாதத்தில் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் எழுதிவந்த கருநிரல் ஒன்றைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்ததையே நாம் இன்று லினக்ஸ் என்கிறோம். டெபியன், உபுண்டு, மின்ட் என்று பல பெயர்களில் அது கிடைக்கிறது. விலை கிடையாது, உரிமம் புதுப்பிக்க வேண்டியதும் இல்லை.

"அதெல்லாம் நமக்கு வராது சார்" என்பார் பலர். உண்மையில் அவர்கள் சட்டைப்பையிலேயே அது இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசி லினக்ஸ் கருநிரலின் மேல் எழுப்பப்பட்டதே. காய்கறிக் கடையில் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் இந்திய மொழிகளுக்கு முதன்மை கொடுத்து பாஸ் என்னும் லினக்ஸ் பதிப்பை உருவாக்கியது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டுமே அருகருகே இருந்தன. கணினி உயிர்பெறும்போது எது வேண்டும் என்று கேட்கும்.

குடியாத்தத்தில் உள்ள நம் உறவினர் வீட்டுப் பெண்ணுக்கும் அத்தகைய மடிக்கணினி ஒன்று கிடைத்தது. கல்லூரி முடியும்வரை அவள் இரண்டாவது பெயரை ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்கவில்லை. "அதை அமுக்கினால் கெட்டுப்போகும் என்று நினைத்தேன்" என்றாள். கதவு இருந்தது, அதைத் திறந்து காட்ட ஆள் இல்லை. நமக்கு இத்துறையில் ஆர்வம் பிறந்தது அந்த மடிக்கணினியை வாங்கிப் பார்த்த நாளில்தான்.

நம் வீட்டில் நடந்தது

தொடக்கம் நன்றாக அமையவில்லை என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரத்தில், நம் வீட்டுக் கணினியில் லினக்ஸை நிறுவ அமர்ந்தோம். 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவுக' என்றும், 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்றும் இரண்டு வழிகள் திரையில் தோன்றின. படிக்காமல் இரண்டாவதை அழுத்திவிட்டோம். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த வட்டில், ஊர்காவுன் லைனில் நம் மாமனார் வாழ்ந்த பழைய வீட்டின் படங்களும், அவர் மறைவதற்கு முந்தைய பொங்கலன்று எடுத்த படங்களும் இருந்தன. வேறு எங்கும் படி எடுத்து வைக்கவில்லை. உறவினர்களின் கைப்பேசிகளிலிருந்து சில படங்கள் திரும்பக் கிடைத்தன. மற்றவை போனவையே. வீட்டில் யாரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் கூடுதல் வருத்தம்.

பிழை லினக்ஸுடையதும் அன்று, விண்டோஸுடையதும் அன்று, நம்முடையது. பேரேட்டில் பதிவு செய்யும் முன் இருமுறை பார்க்கும் பழக்கமுள்ள நாம், வீட்டில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மீண்டும் இரண்டையும் முறையாக நிறுவிய பின்னர் வந்தவை சிறு சிக்கல்களே. முதலாவது, கடிகாரம். லினக்ஸில் வேலை முடித்து விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். காரணம் எளியது. கணினியின் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் கொள்கிறது. உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் கொள்கிறது. இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்தையே கொள்ளுமாறு லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்ததும் அது சரியாயிற்று.

இரண்டாவது, விண்டோஸின் 'வேகத் தொடக்கம்' என்னும் வசதி. அது இயங்கும்போது, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அந்நிலையில் விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளை லினக்ஸில் படிக்கலாம். ஆனால் மாற்றி எழுத இயலாது. அவ்வசதியை நிறுத்தியதும் தடை நீங்கியது.

மூன்றாவது, ஆவணங்களின் தோற்றம். ஒரு பக்கத்தில் அடங்கிய கடிதம், லிப்ரே ஆபீஸில் திறந்தபோது இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. அதே எழுத்துரு அங்கு இல்லாததால் வேறோர் எழுத்துரு அந்த இடத்தை நிரப்பியதே காரணம். பிறருக்கு அனுப்பும் ஆவணங்களை பிடிஎஃப் வடிவில் அனுப்புவது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம்.

இவற்றுக்கு ஈடாகப் பெற்றவையும் உண்டு. ஒன்பது ஆண்டுப் பழைய கணினி மீண்டும் சுறுசுறுப்பாக இயங்கியது. இயங்குதளம், உலாவி, அலுவலக மென்பொருள் ஆகிய அனைத்துக்குமான திருத்தங்கள் ஒரே இடத்திலிருந்து, ஒரே சொடுக்கில் வந்தன. வேலைக்கு நடுவே தானாக மறுதொடக்கம் ஆகும் தொல்லை இல்லை. மென்பொருள் எதையும் நம் கடவுச்சொல் கேட்காமல் அது நிறுவுவதில்லை.

கடையில் ஒரு வாரம்

கடை மூடிய பின் மாலைகளில் நம் வாடிக்கையாளரின் கணினிகளைப் பார்க்கத் தொடங்கினோம். முதலில் எதையும் நிறுவவில்லை. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. வட்டில் உள்ள எதுவும் மாறாது. அவ்வாறு இயக்கி, கடையின் வேலைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி, எது எங்கு நடக்கிறது என்று குறித்தோம். வங்கியில் கடன் விண்ணப்பத்தை ஆராய்வது போன்றதே இதுவும்.

இணையத்தில் நடக்கும் வேலைகள் — மின்கட்டணம், தேர்வு விண்ணப்பம், பெங்களூருக்கு நாள்தோறும் சென்றுவரும் இளைஞர்களின் வேலை விண்ணப்பம், பயணச்சீட்டு — யாவும் தடையின்றி நடந்தன. உலாவிக்குள் நடக்கும் வேலைக்கு இயங்குதளம் எதுவானாலும் ஒன்றே. நகல் எடுத்தல், அச்சிடுதல் ஆகியவற்றில் இரண்டு அச்சுப்பொறிகள் செருகியவுடனே இயங்கின. மூன்றாவது பழைய அச்சுப்பொறி எவ்வளவு முயன்றும் அசையவில்லை.

தட்டச்சு வேலைதான் நம் ஊருக்கே உரிய சிக்கல். தங்கவயலில் திருமண அழைப்பிதழ் தமிழில் வரும். தாலுகா அலுவலகத்துக்கு மனு கன்னடத்தில் போகும். சுரங்க நிர்வாகத்துக்கு எழுதும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரே கடையில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று மொழிகள். ஒருங்குறியில் தட்டச்சு செய்வதாயின் லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையும், கன்னட விசைப்பலகைகளும் கூடுதலாக எதையும் வாங்காமலே கிடைக்கின்றன. ஆனால் கடையில் 20 ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த அழைப்பிதழ் மாதிரிகள் பழைய முறைத் தமிழ் எழுத்துருக்களிலும், மனு மாதிரிகள் கன்னடத்தின் 'நுடி' மென்பொருளிலும் இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும். எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், அச்சிடலாம். பழைய முறையில் திருத்துவதற்கு விண்டோஸே வசதி.

விண்டோஸை விட்டு விலகவே முடியாத வேலைகளும் இருந்தன. கைரேகை பதியும் கருவிக்கான மென்பொருள் விண்டோஸுக்கென்றே கிடைத்திருந்தது. மார்க்கெட் வணிகர்கள் சிலருக்காக அவர் பார்த்துவரும் டேலி கணக்கும், சரக்கு சேவை வரிக்கான இணையமில்லா மென்பொருளும் விண்டோஸுக்கென்றே உருவானவை. 'மேக்ரோ' பொதிந்த எக்செல் படிவங்கள் லிப்ரே ஆபீஸில் திறக்கும்; உள்ளே உள்ள பொத்தான்கள் பல வேளைகளில் இயங்கமாட்டா. வருமானவரி, வரிப்பிடித்தம் போன்ற பணிகளில் கால் மணித் தாமதமும் அபராதமாகலாம். அத்தகைய வேலைகளில் சோதனை செய்து பார்ப்பது கூடாது.

தாளைக் கூட்டிப் பார்த்தபோது விடை தெளிவாயிற்று. கடையின் வேலையில் பெரும்பகுதிக்கு லினக்ஸ் போதும். எஞ்சிய சிறுபகுதிக்கு விண்டோஸ் கட்டாயம். அதுவும் ஆதரவுள்ள, முறையான உரிமம் பெற்ற விண்டோஸ். ஆகவே மூன்று புதிய கணினிகள் தேவையில்லை. ஒன்று போதும்.

'முறையான உரிமம்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். விலை கொடாமல் விண்டோஸைத் திறந்துதரும் 'ஆக்டிவேட்டர்' மென்பொருள்கள் பல கடைகளில் புழங்குகின்றன. அவற்றை இயக்குவதற்கு முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்பின் அறியாதவனை உள்ளே அழைப்பதற்கு ஒப்பானது அது. நாம் தட்டும் ஒவ்வொரு கடவுச்சொல்லையும் குறித்து வெளியே அனுப்பும் நிரல் அதனுடன் ஒட்டிக்கொண்டு வரலாம். பணம் கொடுக்க இயலாதெனில் விலையில்லாத நேர்வழி இருக்கும்போது திருட்டு வழி எதற்கு?

எந்தத் தளமும் காக்காத இடம்

லினக்ஸுக்கு மாறிவிட்டால் பணம் பத்திரம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மேசைக் கணினிகளைத் தாக்கும் தீநிரல்களில் பெரும்பாலானவை விண்டோஸைக் குறிவைத்து எழுதப்படுபவை என்பது உண்மை. ஆனால் கிளையில் நாம் கேட்டறியும் இழப்புகளில் பல, கணினியை உடைத்து நிகழ்பவை அல்ல. மனிதரை ஏமாற்றி நிகழ்பவை. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவரிடம் அதைச் சொல்லிவிட்டால் எந்த இயங்குதளமும் நம்மைக் காக்காது. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவர், போலி இணையதள முகவரியை அனுப்புபவர் ஆகியோருக்கும் இது பொருந்தும். வங்கி அலுவலர் எவரும் உங்கள் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்கமாட்டார். பணம் பறிபோனதாக அறிந்தால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரமே பணத்தை மீட்க உதவும்.

தொடங்க விரும்புவோருக்கு

நம் இழப்பிலிருந்து பிறந்த அறிவுரை முதலில்: படங்கள், ஆவணங்கள், கணக்குகள் அனைத்தையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். படியெடுத்தவை திறக்கின்றனவா என்று வேறு கணினியில் சரிபாருங்கள்.

அடுத்து, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், நீண்டகால ஆதரவுள்ள பதிப்பை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்கி ஏற்றுங்கள். உபுண்டுவின் அத்தகைய பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் திருத்தங்கள் வரும். ஒரு வாரமாவது நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். அச்சுப்பொறி, வைஃபை, ஒலி ஆகியவை இயங்குகின்றனவா என்று சோதியுங்கள். உங்கள் வேலைகளைத் தாளில் எழுதி, எது எதில் நடக்கிறது என்று குறியுங்கள்.

புதிய மடிக்கணினியாயின் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அதன் மீட்புக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து நிறுவும்போது திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். ஐயம் எழுந்தால் நிறுத்திவிடுங்கள். தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தொடருங்கள். தமிழில் படிக்க விரும்புவோருக்கு, 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழின் கட்டுரைகள் நல்ல துணை.

டிசம்பர் மாதத்தில் நம் வாடிக்கையாளர் ஒரு கணினிக்கு மட்டும் கடன் பெற்றார். கைரேகை, வரி, டேலி, பழைய அழைப்பிதழ் யாவும் அதில். பழைய கணினிகளில் இரண்டு லினக்ஸில் இயங்குகின்றன. மூன்றாவதை அவர் பள்ளி செல்லும் மகளுக்காக வீட்டுக்கு எடுத்துச் சென்றார். முதல் மாதம் தட்டச்சு செய்யும் பெண் சற்றுத் தடுமாறினார் என்றும், இப்போது பழகிவிட்டது என்றும் கூறினார். அசையாத அந்த அச்சுப்பொறி புதிய கணினியோடு இணைந்துகொண்டது.

கடன் பத்திரத்தில் கையெழுத்திட வந்த நாளில் அவருடைய தந்தையாரும் உடன் வந்திருந்தார். எதற்காக ஒரு கடையில் இரண்டு வகைக் கணினி என்று அவருக்கு மகன் விளக்கியிருந்தார் போலும். பெரியவர் நம்மைப் பார்த்துச் சொன்னார்:

"சுரங்கத்தில் அதுதானே சார் சட்டம்? மேலே வர இரண்டு வழி இல்லாத இடத்தில் ஆளை இறக்கமாட்டார்கள். இரண்டாவது வழியில் தினமும் நடக்கமாட்டோம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்கும்."

தொகை குறைந்த அந்தக் கடனுக்கு மாதத் தவணை தவறாமல் வருகிறது.